நாலாவது சில்லு

மூன்று சில்லுகள் கை வைக்க முடியாமல் சுட்டன. நாலாவது குளிர்ந்து கிடந்தது.

சனிக்கிழமை பகல் இரண்டு மணி. ஆனி மாதத்துக் கச்சான் காற்று உட்துறைமுகப் பக்கத்துப் புழுதியை எல்லாம் வாரிக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்துகொண்டிருந்தது. ஒரு காரின் நான்கு அலோய் சில்லுகளையும் கஜீபன் ஒரே நேரத்தில் கழற்றி, ரயரையும் எடுத்துவிட்டு, பட்டறை முற்றத்துச் சீமெந்தில் ஒரே வரிசையில்தான் கிடத்தியிருந்தான். எதன்மேலும் நிழல் விழவில்லை. ஆனாலும் காரின் பின் இடது பக்கத்துச் சில்லில் கை வைத்தபோது, கிணற்றுக்குள்ளிருந்து அப்போதுதான் தூக்கிய வாளியைத் தொட்டதுபோல இருந்தது. விரலை எடுத்துப் பார்த்தான். நனைந்திருந்தது.

அவன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கோபத்தில் இருக்கிறவன் கண்ணில் இப்படியான சின்னச் சங்கதிகள் படுவதில்லை. கஜீபனுக்கு எட்டு மாதமாகக் கோபம். பல் தீட்டும்போதும் கோபம், சோற்றில் கை வைக்கும்போதும் கோபம். ஐப்பசி மழையில் ஒரு பின்னேரம், குச்சவெளியில் அலுவலகம் முடிந்து ஸ்கூட்டியில் அன்புவழிபுரத்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த அவனுடைய ஒரே தங்கை பிரசாந்தினியை, இறக்கக்கண்டிப் பாலத்தடியில் ஒரு வாகனம் அடித்து இழுத்துக்கொண்டு போய், நிற்காமலே போய்விட்டது. லொறி என்றது பொலிஸ். கரையில் வள்ளத்தை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த முஹம்மது தம்பி என்கிற மீன்பிடிக்காரர் மட்டும், மழைக்குள் தான் கண்டது தங்கநிறச் சில்லு, லொறிக்கு ஏது தங்கநிறச் சில்லு என்று கடைசிவரை சொல்லிக்கொண்டு நின்றார். அவருடைய கதையை ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை.

அடிபட்ட சில்லை நிமிர்த்தி, பள்ளத்தைப் புட்டிப் பசையால் நிரப்பி, உரசி, நிறம் மாற்றிக் கொடுப்பது கஜீபனின் தொழில். புதுக் கார் வாங்கிய ஆறாம் மாதமே அதன் சில்லு அலுத்துப்போகிறவர்கள் திருகோணமலையில் குறைவில்லை. வெள்ளி இருந்தால் கறுப்பு வேண்டும், கறுப்பு இருந்தால் வெண்கலம் வேண்டும். மனிசனின் புத்தியைவிடச் சில்லின் நிறத்தை மாற்றுவது சுகம் என்று அவன் முன்பெல்லாம் பகிடி விடுவான். இப்போது பகிடியும் இல்லை.

இந்தக் கார் கட்டட வேலைகள் எடுக்கும் கொந்தராத்துக்காரர் ஆனந்தராசாவுடையது. காலையில் அவரே கொண்டுவந்து விட்டிருந்தார். பெரியபிள்ளையான மகளுக்குத் திங்கட்கிழமை சாமத்திய வீடு.

"தம்பி, கறுப்புச் சில்லோட பிள்ளையை மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போக ஏலாது எண்டு மனுசி ஒற்றைக்காலிலை நிக்கிறா. நல்ல வெள்ளியா அடிச்சு விடுங்கோ" என்றார்.

கஜீபன் தலையாட்டினான். அவருக்கு இல்லை என்று சொல்ல அவனுக்கு மனம் வராது. தங்கையின் செத்தவீட்டுக்குப் பந்தல், கதிரை, தேத்தண்ணி எல்லாம் ஒழுங்கு செய்தவர் அவர். இவனோடு பொலிஸுக்கு வந்து, பெரிய இடத்தில் பேசத் தெரிந்தவராக இவனுக்காகப் பேசியவரும் அவர்தான். கஜீபன் காரை மரக்குற்றிகளில் ஏற்ற, சில்லுகளைப் பாராமலே அவர் ஓட்டோவில் ஏறிப் போனார்.

வேலை தொடங்கும் முன் சில்லைத் தட்டிப் பார்ப்பது வழக்கம். சுத்தியலின் மரப்பிடியால் விளிம்பில் ஒரு தட்டு. நல்ல சில்லு மணிபோலக் கிணுங்கும், வெடிப்பு உள்ளது பலகைபோல மொட்டையாகச் சொல்லும். முதல் மூன்றும் கிணுங்கின. நாலாவதைத் தட்டினான். சத்தமே வரவில்லை. அடி பஞ்சில் விழுந்ததுபோல அமுங்கியது. சரி, வெடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு சுத்தியலைக் கீழே வைத்தான். வைத்துக் கை எடுத்த பிறகு அது கிணுங்கியது. ஒருதரம். பிறகு, யோசித்துவிட்டு, இன்னொருதரம்.

காற்று தகரக் கூரையை ஆட்டியது. அதுதான் சத்தம் என்று அவன் முடிவு செய்தான். அப்படி முடிவு செய்வதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

நான்கிலும் பெயின்ட் றிமூவரைப் பூசிவிட்டுக் காத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் கறுப்பு நிறம் பாலாடைபோலச் சுருங்கி எழும்பியது. சுரண்டியால் வழித்து வழித்து எடுத்தான். மூன்று சில்லுகளிலும் றிமூவரின் காரம்தான் மூக்கில் ஏறியது. நாலாவதைச் சுரண்டத் தொடங்கியதும் வேறு மணம். முதல் மழை விழுந்த தார் றோட்டின் மணம். அதோடு கலந்து சேறு, களப்புத் தண்ணி, நல்லெண்ணெயில் செவ்வரத்தைப் பூப் போட்டுக் காய்ச்சிய ஒரு எண்ணெயின் மணம். அந்த எண்ணெயை அம்மா தங்கையின் தலைக்குத்தான் காய்ச்சுவாள். நாலு மாதமாக மழை இல்லாத ஊரில் மழை மணம் எங்கேயிருந்து வருகிறது? கஜீபன் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தான். வெள்ளை வெளேர் என்று கிடந்தது.

கறுப்புக்குக் கீழே, விளிம்பு ஓரமாக, ஒரு சாண் நீளத்துக்குச் செங்கல் நிறப் புட்டி தெரிந்தது.

அவன் கை அப்படியே நின்றது. உரசும்போது ஆழம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகப் புட்டிக்குள் காவித்தூள் கலப்பது அவனுடைய வழக்கம். அவன் அறிந்தவரை, வேறு ஒருவனும் இந்த ஊரில் அப்படிச் செய்வதில்லை. இது அவன் வைத்த புட்டி. ஆனந்தராசாவின் காருக்கு அவன் இதற்கு முன் வேலை செய்ததே இல்லை.

பிறகு ஞாபகம் வந்தது.

தங்கை செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அது. செத்தவீட்டுத் துடக்கு உள்ளவன் முப்பத்தோராம் நாள் வரை தொழில் ஆயுதம் தொடக்கூடாது என்று அம்மா அழுதுகொண்டு மறித்தாள். வீட்டுக்குள் இருந்தால் சுவரில் தலையை மோதிவிடுவேன் என்று சொல்லிவிட்டு அவன் வந்து பட்டறையைத் திறந்தான். யாரோ ஒரு ஓட்டோக்காரன் கழற்றிய நான்கு சில்லுகளை இறக்கினான். டவுனில் ஒரு ஐயாவுடையது, கறுப்பாக்க வேண்டுமாம். வெண்கல நிறச் சில்லுகள். அந்த வருசம் வெண்கலம்தான் எடுப்பு, அவனே ஏழு சோடி அடித்துக் கொடுத்திருந்தான். லொறி, லொறி என்று எல்லோரும் சொன்னதில் அவனும் லொறியைத்தான் தேடிக்கொண்டிருந்தான். யாருடையது என்று கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, விளிம்பில் விரலை ஓடவிட்டு, பள்ளத்தைக் கண்டுபிடித்து, அதற்குள் ஒட்டியிருந்த எதையோ ஊசியால் கிண்டி ஊதிவிட்டு, புட்டி வைத்து நிரப்பினான். விரலுக்கே தெரியாத அளவுக்கு உரசினான். நல்ல வேலை. எட்டு மாதமாக ஒருவரும் கண்டுபிடிக்காத வேலை.

தங்கநிறச் சில்லு. மழைக்குள் வெண்கலம் தங்கமாகத் தெரிந்திருக்கிறது. முஹம்மது தம்பி தலைதலையாய் அடித்துக்கொண்டாரே. அது இவன் மடியில் கிடந்திருக்கிறது. லொறி என்று பொலிஸுக்கு முதலில் சொன்னது யார்? இவனுக்காகப் பேச வந்தவர். அந்தக் கதிரைகள், அந்தப் பந்தல். அந்த மனிசன் வாய்க்கரிசி போட வரிசையில் நின்றான்.

கஜீபன் சுரண்டியால் புட்டியைக் குத்திப் பெயர்த்தான். புட்டிக்குக் கீழே பள்ளத்தின் அடியில், நகக்கண் அளவுக்கு, பச்சை. அவளுடைய ஸ்கூட்டியின் பச்சை. அவனே ஒருதரம் அதற்கு நிறம் அடித்துக் கொடுத்தவன், அவனுக்குத் தெரியாதா?

படம் எடுக்கப் போன் வேண்டும், அது உள்ளே மேசையில் இருந்தது. ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தான். அவ்வளவு நேரம்தான். பள்ளத்தின் மேல்புறம் மிச்சமிருந்த றிமூவர் வழிந்து இறங்கியிருந்தது. பச்சை கரைந்து, ஒரு கண்ணீர்த் துளியைப்போல விளிம்பால் ஓடி, புழுதியில் விழுந்து, கறுப்புச் சேறோடு சேறாகியிருந்தது. அவன் முழங்காலில் விழுந்து இரண்டு கைகளாலும் அந்தப் புழுதியை அள்ளினான். றிமூவர் தோலை எரித்தது. கைக்குள் புழுதிதான் இருந்தது.

பொலிஸுக்குப் போன் எடுத்தான். பழைய கேஸ் என்று ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்தார். கடைசியில் பேசியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

"புட்டி வைச்சதும் நீர். உரசினதும் நீர். இப்ப கழுவினதும் நீர். என்னத்தைக் காட்டப்போறீர்?"

கஜீபன் போனை வைத்தான். ஆனந்தராசாமேல் கோபம், பொலிஸ்மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்னுடைய பத்து விரல்கள்மேல் கோபம். அவளை ஒருவன் ஒருதரம் கொன்றான். அவளுக்காகச் சாட்சி சொல்ல உலகத்தில் மிச்சமிருந்த ஒன்றை இவன் இரண்டுதரம் அழித்திருக்கிறான்.

ஞாயிறு விடியற்காலை அவன் பட்டறையில் நின்றான். கச்சான் பத்து மணிக்குக் கிளம்பும், அதற்கு முன் நிறம் அடித்து முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் புழுதி ஒட்டிவிடும். கதவை இறக்கி, உள்பக்கமாக ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டான். சாக்குகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெளிச்சம் சாக்கின் பொத்தல்களால் மட்டும் வந்து, தூசு மிதக்கும் நூல்களாக நின்றது. தூரத்தில் துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதிவிட்டு ஓய்ந்தது. பிறகு ஊரே இல்லாததுபோல அமைதி.

அடிப்பூச்சுக்குப் பிறைமர், மேலே வெள்ளி, கடைசியில் பளபளப்புக்குக் கிளியர். மூன்று சில்லுகள் ஒழுங்காகக் குடித்தன. நாலாவதைத் தாங்கியில் ஏற்றியபோது அது தானாகச் சுற்றி, பள்ளம் மேலே வந்து அவனைப் பார்த்தபடி நின்றது. கையால் கீழே திருப்பினான். மெதுவாக மேலே வந்தது. பாரமான பக்கம் கீழேதான் போக வேண்டும், அது உலக வழமை. அவன் மறுபடி திருப்பவில்லை. புதிதாகப் புட்டி வைத்தான். நிறம் அடித்தான். அடிக்க அடிக்க உலோகத்திலிருந்து குளிர் எழும்பி முகமூடிக்குள் வந்தது. அதே எண்ணெய் மணம். முதுகுக்குப் பின்னால் சாக்குகள் சொட்டும் சத்தம் ஒரு சீருக்கு வந்தது. சொட்டு. சொட்டு. யாரோ நனைந்த தலையோடு நிற்பதுபோல.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே பேசினான்.

"பிள்ளை, நான்தான் பிழை விட்டனான். இண்டைக்கு முடிச்சுத் தாறன். ஓடேக்கை இந்தச் சில்லு கழண்டு போகும். அண்ணா சொல்லுறன்."

சொட்டுவது நின்றது.

சில்லு கிணுங்கியது. யாரும் தட்டவில்லை. உள்ளேயிருந்து. ஒருதரம்தான். ஓம் என்று சொல்வதுபோல.

மூன்று மணிக்கு ரயர்களைப் போட்டு, சில்லுகளைக் காரில் மாட்டினான். மூன்றிலும் நட்டுகளை வழமைபோல இறுக்கினான். நாலாவதில் ஐந்து நட்டுகளையும் விரலால் மட்டும் திருகி, கறை தெரியாமல் துடைத்துவிட்டான். கண்டி றோட்டில் ஏறி நாலு மைல் ஓடினால் போதும். அவன் மனம் அப்போது கல்லாக இருந்தது. அதை அவன் பிறகு ஒருநாளும் மறுக்க மாட்டான்.

நாலு மணிக்கு ஆனந்தராசா வந்தார். வெள்ளிச் சில்லுகளைப் பார்த்து, புதுக் கார்போல இருக்கிறது என்று மெச்சினார். கஜீபன் அவருடைய கண்ணைப் பார்த்துக் கேட்டான்.

"அண்ணை, கறுப்புக்கு முதல் இது என்ன நிறம்?"

அவருடைய பார்வை மற்ற மூன்றையும் தொடாமல் நேராகப் பின் இடது சில்லுக்குப் போய், அங்கேயிருந்து துறைமுகப் பக்கம் போனது.

"ஞாபகம் இல்லைத் தம்பி. கன காலம்."

எட்டு மாதம் கன காலமாம். போ, ஏறு, ஏறி ஓட்டு என்று கஜீபனின் உள்ளே ஒன்று பல்லைக் கடித்தது. சாவியை நீட்டினான்.

அப்போதுதான் ஒழுங்கை முனையில் ஓட்டோவிலிருந்து இறங்கி அவருடைய மனைவி புஷ்பவதி நடந்து வந்தாள். பின்னால், இரட்டைப் பின்னலோடு, பதின்மூன்று வயது மகள். அலங்காரம் செய்கிறவளின் வீடு மட்கோப் பக்கமாம், அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, அப்படியே கந்தளாய்க்குப் போய்ப் பெரியம்மாவுக்குச் சொல்லிவிட்டு வர வேண்டுமாம். புஷ்பவதி கஜீபனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, வருசம் திரும்பேல்லை எண்டு யோசிக்காதேங்கோ. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. தங்கச்சி இருந்தா முதல் ஆளா நிண்டிருப்பா."

அவளுக்கு ஒன்றும் தெரியாது. முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. மகள் பின் கதவைத் திறந்து இடது பக்கத்து இருக்கையில் ஏறி, ஜன்னலை இறக்கி, மருதாணி காயாத கையை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டாள். நாலாவது சில்லுக்கு நேர் மேலே.

ஒரு நிமிசம் நில்லுங்கோ அண்ணை, ஒருக்கா இறுக்கிப் பார்க்க வேணும் என்று சொல்லிக்கொண்டு, கஜீபன் ஸ்பனரோடு முழங்காலில் விழுந்தான். முதல் நட்டு. முழுப் பாரத்தையும் போட்டு இறுக்கினான். இரண்டாவது. ஸ்பனர் ஐஸ்போலக் குளிர்ந்தது. மூன்றாவதில் ஏதோ எதிர்ப்பக்கமாகத் திருகியது, அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அதைவிட வலுவாகத் திருகினான். நாலு. ஐந்து. ஐந்தும் கிறீச்சிட்டு நின்றன. விடு பிள்ளை, அந்தக் குஞ்சு என்ன செய்தது, விடு என்று சில்லின் காதுக்குள் சொல்வதுபோல வாய்க்குள் முணுமுணுத்தான். அவருக்கு நான் வேறு வழி பார்க்கிறன் என்றும் சொன்னான்.

சில்லு கிணுங்கவில்லை. மழை மணம் மட்டும், மூக்கை அடைக்கும் அளவுக்கு.

கார் மெதுவாக ஒழுங்கையில் உருண்டது. கஜீபன் எழும்பி, வியர்வையைத் துடைத்தான். நெஞ்சு லேசானது. எட்டு மாதத்தில் முதல்தடவையாக அவனுக்குக் கோபம் இல்லை. அது எங்கே போனது என்று அவன் யோசிக்கவில்லை.

ஸ்பனரை வைக்கச் சாமான் தட்டை எடுத்தான்.

தட்டில் ஐந்து நட்டுகள். நனைந்திருந்தன.

எண்ணினான். ஐந்து. இப்போதுதான் இறுக்கியவை. திருகு மரைகளில் சேறு. களப்புச் சேறு.

ஒழுங்கை முனையில் கார் நின்றது. பிரதான வீதியில் பஸ் ஒன்று போகட்டும் என்று காத்து நின்றது. பிறகு இடப்பக்கமாகத் திரும்பியது. அதன் இடது பக்கம் முழுவதும் அவன் கண்ணுக்கு நேரே வந்தது. சில்லு மெதுவாகச் சுழன்றது. மிக மெதுவாக. வெயிலில் வெள்ளி மின்னியது.

நட்டு இருக்க வேண்டிய ஐந்து துளைகளிலும் ஐந்து விரல் நுனிகள்.

உள்ளேயிருந்து வெளியே வளைந்து, சில்லைப் பற்றிப் பிடித்திருந்தன. நனைந்து வெளிறிய விரல்கள். மோதிர விரலுக்கு நகம் இல்லை. ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டியபோது அந்த விரலைத்தான் அவன் முதலில் அடையாளம் சொன்னான்.

கத்த வாய் திறந்தான். வாய்க்குள் குளிர் போனது. சத்தம் வரவில்லை.

ஜன்னலால் அந்தப் பிள்ளை அவனைக் கண்டு சிரித்துத் தலையாட்டியது. கார் வேகம் எடுத்தது. கண்டி றோட்டுப் பக்கம்.

சில்லு சுழன்றது. சின்ன விரல் நிமிர்ந்து, துளைக்குள் மெல்ல இழுபட்டு மறைந்தது.

பிறகு அடுத்தது.